டிவி நிகழ்ச்சியைப் பிடித்து வைக்க எந்தப் பெட்டி வாங்கலாம்?



போன செமஸ்டர் முடிகிற நேரம். லேபுக்கு வெளியே ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். மெக்கானிக்கல் பிரிவு நண்பன் ஒருவன் தோளைத் தட்டி, "மச்சி, நீ இ.சி.இ. தானே? டிவில வர்றத வீட்லயே ரெக்கார்ட் பண்ணணும். எது வாங்கலாம்னு சொல்லு" என்றான்.

"எதையும் வாங்காத. முதல்ல எதை ரெக்கார்ட் பண்ணப் போறன்னு சொல்லு" என்றேன்.

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "கடைக்காரன் மாதிரி கேள்வி கேக்காதடா" என்றான். கடைக்காரர் அந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார் என்பது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஏனென்றால் எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் வாங்கித்தான் ஒருமுறை நன்றாகப் பட்டோம். அந்தக் கதையையும், அதிலிருந்து கற்றதையும் ஆண்டு மலரில் எழுதிவிட்டால் இன்னும் நாலு பேருக்குப் பயன்படுமே என்றுதான் இந்தக் கட்டுரை.

'எல்லாம் மொபைல்ல வருதே, ரெக்கார்டு எதுக்கு?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சீரியலுக்கும் சினிமாவுக்கும் அது சரி. ஆனால் லோக்கல் கேபிளில் வரும் ஊர்த் திருவிழா மொபைலில் வராது. செய்தியில் பத்து விநாடி வந்து போகும் உங்கள் தெரு வராது. ஆப்பில் டவுன்லோடு செய்து வைத்த படமும் நாள் கடந்தால் திறக்காது. இன்று இருந்து நாளை போய்விடுகிற விஷயத்துக்குத்தான் ரெக்கார்டர் வேண்டும்.

மாமாவின் டெக்

எங்கள் வீடு அயனம்பாக்கத்தில், ஏரிக்குப் போகிற வழியில். பரணில் ஒரு பழைய வி.சி.ஆர். இருக்கிறது. மாமா அதை 'டெக்' என்றுதான் சொல்வார். அந்தக் காலத்தில் தெருவில் எல்லோரும் பணம் போட்டு டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்ப்பார்களாம். வாடகைக்கு வருவது பெரும்பாலும் வி.சி.பி. அது படத்தை ஓட்டிக் காட்டும், அவ்வளவுதான். ரெக்கார்டு செய்ய வேண்டுமானால் வி.சி.ஆர். வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிய மாமா, ஓவர்டைம் காசைச் சேர்த்து பர்மா பஜாரில் செகண்ட் ஹாண்டில் ஒன்று வாங்கி வந்தார்.

1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கத்தில் இந்தியா – பாகிஸ்தான் டெஸ்ட். ஜெயிக்க 271 ரன் வேண்டும். மாமாவுக்கு அன்று ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷம், போயே ஆக வேண்டும். மூன்று மணி நேர கேசட்டைப் போட்டு, மதியச் சாப்பாட்டுக்கு மேல் ஓடும்படி டைமர் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அது சொன்னபடி ஓடியது. மூன்று மணி நேரம் முடிந்ததும் சொன்னபடி நின்றும் விட்டது. அப்போது டெண்டுல்கர் ஆடிக்கொண்டிருந்தார்!

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். டெண்டுல்கர் 136 ரன்னில் அவுட். இன்னும் 17 ரன் வேண்டும், கையில் மூன்று விக்கெட். 258-க்கு ஆல் அவுட், 12 ரன்னில் தோல்வி. மாமா இன்றைக்கும் சொல்வார்: "ஊருக்கெல்லாம் இந்தியா தோத்துச்சு. என் கேசட்ல தோக்கவே இல்ல."

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். முதல் பாடம் இதுதான்: எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தெரியாமல் ரெக்கார்டரை நம்பக் கூடாது.

அந்த மூன்று மணி நேரம் எங்கிருந்து வந்தது? நாமே கணக்குப் போடலாம். நம் நாட்டு பால் முறையில் வி.எச்.எஸ். டேப் விநாடிக்கு சுமார் 23.4 மில்லிமீட்டர்தான் நகரும். மூன்று மணி என்பது 10,800 விநாடி. பெருக்கினால் ஏறத்தாழ 253 மீட்டர். கேசட்டுக்குள் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக டேப் சுற்றியிருப்பார்கள்.

இவ்வளவு மெதுவாகப் போகிற டேப்பில் படம் எப்படிப் பதியும் என்று கேட்க வேண்டும் நீங்கள்! வேகம் டேப்பில் இல்லை, ஹெட்டில் இருக்கிறது. 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம் ஒன்று சாய்வாக நின்று நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது. விநாடிக்கு 25 சுற்று. டிரம்மின் சுற்றளவு சுமார் 195 மில்லிமீட்டர். ஆக ஹெட், டேப்பின் மேல் விநாடிக்கு ஏறக்குறைய ஐந்து மீட்டர் வேகத்தில் சரிவுக் கோடுகளாக எழுதிக்கொண்டே போகிறது. விநாடிக்கு 25 படம், 25 சுற்று. ஒரு சுற்றுக்கு ஒரு முழுப் படம். மெக்கானிக்கல் நண்பர்களே, இதில் உங்கள் பங்குதான் அதிகம்!

சோனியின் பீட்டாமேக்ஸ் 1975-லும், ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ். 1976-லும் ஜப்பானில் வந்தன. படத் தரத்தில் பீட்டாமேக்ஸ் ஒரு படி மேல் என்று பலர் சொன்னார்கள். ஆனால் ஆரம்பத்தில் பீட்டாமேக்ஸ் கேசட் ஒரு மணி நேரம், வி.எச்.எஸ். இரண்டு மணி நேரம். ஒரு முழுப் படத்தைப் பிடிக்க முடிந்தது ஜெயித்தவற்றுக்கு ஒரு முக்கியக் காரணம். கடைசியாக வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஆகவே இன்று யாராவது 'நல்ல கண்டிஷன் வி.சி.ஆர்.' என்று விற்க வந்தால், பழைய கேசட்டை ஓட்டிப் பார்க்க மட்டும் வாங்குங்கள். புதிதாகப் பதிய வேண்டாம்.

அக்காவின் பாடங்கள்

இப்போது நாங்கள் பட்ட கதை.

2020. கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடிக்கிடக்கிறது. நான் எட்டாம் வகுப்பு, அக்கா பத்தாம் வகுப்பு. வீட்டில் ஸ்மார்ட்போன் ஒன்றே ஒன்று. அதுவும் அப்பாவோடு காலையில் வேலைக்குப் போய்விடும். அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல். ஷிப்டு முடிந்து வீடு திரும்ப இரவு எட்டரை ஆகும். தமிழக அரசு 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியில் அந்த வருடம் வகுப்பு வாரியாகப் பாடம் நடத்தினார்கள். யூடியூபிலும் போட்டார்கள். ஆனால் போன் இல்லாத பகலில் யூடியூப் எப்படிப் பார்ப்பது? எங்களுக்கு டிவிதான் பள்ளிக்கூடம்.

அதில் ஒரு சிக்கல். அக்காவுக்குப் பாடம் வருகிற நேரத்தில்தான் தண்ணி லாரி வரும், ரேஷன் கடையில் ஆள் நிற்க வேண்டும், சில நாள் கரண்டும் போகும். டிவி வாத்தியாரிடம் 'சார், இன்னொரு தடவை சொல்லுங்க' என்று கேட்க முடியாது.

அக்காதான் கண்டுபிடித்தாள். "டேய், இந்த செட்டாப் பாக்ஸ் பின்னாடி யு.எஸ்.பி. ஓட்டை இருக்கு பாரு. ரிமோட்ல சிவப்பு பட்டன் கூட இருக்கு." 32 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றை வாங்கி வந்து செருகினோம். சிவப்பு பட்டனை அமுக்கினோம். பதிந்தது! திருப்பிப் போட்டுப் பார்த்தோம். வாத்தியார் மறுபடி சொன்னார், மறுபடி மறுபடி சொன்னார். அந்த நாலைந்து மாதத்தில் கணக்கும் அறிவியலுமாக அறுபது பாடத்துக்கு மேல் சேர்த்தாள். நோட்டில் வரிசை எண் போட்டு, எந்தப் பாடம் எந்த ஃபைலில் என்று எழுதி வைத்திருந்தாள்.

ஜனவரி 2021. ஒரு மழை இரவில் இடி இடித்து பாக்ஸ் போய்விட்டது. கேபிள்காரர் நல்ல மனிதர், மறுநாளே வேறு பாக்ஸ் கொடுத்துவிட்டுப் போனார். அதே கம்பெனி, அதே மாடல். பென் டிரைவைச் செருகினாள் அக்கா. ஃபைல்கள் எல்லாம் பட்டியலில் வரிசையாகத் தெரிந்தன. ஒன்றைத் தட்டினாள். கறுப்புத் திரை. இன்னொன்று. கறுப்பு. அறுபதும் கறுப்பு.

கம்ப்யூட்டர் சென்டரில் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தோம். "ஃபைல் இருக்கும்மா, ஆனா ஓடாது" என்று கையை விரித்துவிட்டார். அக்கா அன்று அழவில்லை. நோட்டை எடுத்து அந்த வரிசை எண்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அடுத்த மாதமே பத்தாம் வகுப்புக்குத் தேர்வு இல்லை, எல்லோரும் பாஸ் என்று அறிவிப்பு வந்தது. தெருவே கொண்டாடியது. அக்கா மட்டும், "நான் பாஸ் சரி. முக்கோணவியல் எனக்கு எப்ப பாஸ் ஆகும்?" என்றாள்.

ஏன் ஓடவில்லை?

இ.சி.இ.யில் சேர்ந்த பிறகுதான் எனக்கே இது விளங்கியது. கேபிளிலும் டி.டி.எச்.சிலும் வரும் சிக்னல் பூட்டுப் போட்டு வருகிறது. காசு கட்டியவர் வீட்டுப் பாக்ஸ் மட்டும் அதைத் திறக்கும். திறந்ததை அப்படியே பென் டிரைவில் எழுதினால் அதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போய்விடலாம் அல்லவா? அதனால் பல பாக்ஸ்கள் எழுதும்போது மறுபடி ஒரு பூட்டுப் போட்டு எழுதும். அந்தப் பூட்டின் சாவி அந்தப் பாக்ஸின் சிப்புக்குள் மட்டும்தான் இருக்கும். அதே மாடல் வேறு பாக்ஸ் என்றாலும் சாவி வேறு. இடியில் போனது பாக்ஸ் மட்டுமல்ல, சாவியும்தான்.

பென் டிரைவ் நம்முடையது, ஃபைலும் நம் கையில், ஆனால் சாவி நம்மிடம் இல்லை. இதுதான் இரண்டாவது பாடம். எது வாங்கும் முன்பும் கேளுங்கள்: 'பாக்ஸ் போனா, ரெக்கார்டிங் ஓடுமா?'

இன்று என்னென்ன வழிகள்?

ஒன்று: டி.டி.எச். நிறுவனங்களின் ரெக்கார்டர் பாக்ஸ். அமெரிக்காவில் 1999-ல் டிவோ என்ற பெட்டி ஹார்டு டிஸ்க்கில் டிவியைப் பதிந்து காட்டியது. நம் நாட்டில் 2008-ல் டாடா ஸ்கை பிளஸ் வந்தது (அந்த நிறுவனம் 2022 முதல் டாடா பிளே). இந்த வகையில் ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியை நிறுத்தி வைக்கலாம், தொடரை மொத்தமாகப் பதியச் சொல்லலாம். இரண்டு ட்யூனர் இருந்தால் ஒன்றைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதியலாம். அதற்கு டிஷ்ஷிலிருந்து இரண்டு கேபிள் இழுப்பார்கள், மொட்டை மாடியில் வேலை உண்டு. வசதியில் இதுதான் முதலிடம். ஆனால் பதிந்தது அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கும். பெட்டியை மாற்றினாலோ நிறுவனத்தை மாற்றினாலோ கூட வராது. பார்த்துவிட்டு அழிக்கிற சீரியலுக்கு உகந்தது, பேரப்பிள்ளைக்குக் காட்ட வேண்டியதற்கு ஆகாது.

இரண்டு: யு.எஸ்.பி. ஓட்டையுள்ள சாதாரண கேபிள் பாக்ஸ். மேலே எங்கள் கதையைப் படித்தீர்கள். இன்னொரு விஷயம்: ஓட்டை இருப்பதாலேயே ரெக்கார்டு ஆகும் என்று நினைக்காதீர்கள். சிலவற்றில் அது சாஃப்ட்வேர் ஏற்ற மட்டும், சிலவற்றில் போட்டோ, பாட்டுக்கு மட்டும். ஒரே ட்யூனர் என்றால், பதியும்போது வேறு சேனலுக்குத் தாவவும் முடியாது. வீட்டில் சண்டை நிச்சயம்!

மூன்று: ஃப்ரீ டிஷ் பாக்ஸ். தூர்தர்ஷன் 2004-ல் தொடங்கிய இலவச டி.டி.எச். சேவை. மாதக் கட்டணம் இல்லை. கடையில் விற்கும் சாதாரண பாக்ஸ்கள் பூட்டில்லாத சேனலைப் பதியும்போது பெரும்பாலும் பூட்டில்லாமலே எழுதும். அந்த ஃபைலைக் கம்ப்யூட்டரிலும் ஓட்டலாம். வந்த சிக்னலை அப்படியே எழுதுவதால் தரமும் குறையாது. குறை என்னவென்றால், அதில் கிடைக்கும் தமிழ்ச் சேனல்கள் மிகக் குறைவு. லோக்கல் கேபிள் சேனல் அறவே கிடையாது.

நான்கு: டிவியிலேயே ரெக்கார்டிங். சில டிவிகளில் இந்த வசதி உண்டு. ஆனால் டிவியின் சொந்த ட்யூனரில் வருவதை மட்டும்தான் அது பதியும். செட்டாப் பாக்ஸிலிருந்து எச்.டி.எம்.ஐ. வழியாக வருவதைத் தொடாது. நம் வீடுகளில் எல்லாமே பாக்ஸ் வழிதான் என்பதால் இந்த வசதிக்காக அதிகக் காசு கொடுக்க வேண்டாம்.

ஐந்து: ஏ.வி. கேப்சர். பாக்ஸின் பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வட்டத் துளைகள் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. மஞ்சள் படம், மற்ற இரண்டும் ஒலி. அதிலிருந்து ஒயர் எடுத்து, யு.எஸ்.பி. கேப்சர் குச்சி ஒன்றின் வழியாகக் கம்ப்யூட்டரில் கொடுத்தால் சாதாரண வீடியோ ஃபைலாகப் பதியும். சாவி தொல்லை இல்லை. ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. படம் பழைய டிவித் தரம்தான், எச்.டி. எதிர்பார்க்கக் கூடாது. கம்ப்யூட்டர் முழு நேரமும் ஓட வேண்டும்.

ஆறு: எச்.டி.எம்.ஐ. கேப்சர். படம் பளிச்சென்று இருக்கும் என்று இதைத்தான் எல்லோரும் முதலில் வாங்குகிறார்கள். வீட்டுக்கு வந்து மாட்டினால் கறுப்புத் திரை. காரணம் எச்.டி.சி.பி. என்ற பூட்டு. பாக்ஸும் டிவியும் கை குலுக்கிக்கொண்டால்தான் படம் வரும். நடுவில் நிற்கும் ரெக்கார்டருக்கு அது கை கொடுக்காது. உங்கள் சொந்த கேமரா, லேப்டாப் இவற்றைப் பதிய நல்ல சாதனம். டிவிக்கு நம்பி வாங்காதீர்கள்.

ஒரு சின்னக் கணக்கு

டிஜிட்டல் ரெக்கார்டிங்கில் நீளத்தை மீட்டரில் அளப்பதில்லை, பிட்டில் அளக்கிறோம். சூத்திரம் எளிது: விநாடிக்கு எத்தனை மெகாபிட் என்பதை 3600-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மெகாபைட் என்று வந்துவிடும். சாதாரண சேனல் 4 மெகாபிட் என்று வைத்தால் மணிக்கு 1.8 ஜி.பி. எச்.டி. சேனல் 8 மெகாபிட் என்றால் 3.6 ஜி.பி. ஆக, 32 ஜி.பி. பென் டிரைவில் எச்.டி. ஒன்பது மணி நேரத்துக்கு மேல் எழுதும் என்று நினைக்க வேண்டாம்.

இதில் ஒரு பொறி. பென் டிரைவ் ஃபேட் 32 முறையில் இருந்தால் ஒரு ஃபைல் 4 ஜி.பி.க்கு மேல் போகாது. 8 மெகாபிட்டில் அது ஒரு மணி பத்து நிமிடம்தான். நல்ல பாக்ஸ் அடுத்த ஃபைலைத் தானே தொடங்கும். மோசமான பாக்ஸ், மாமாவின் கேசட் மாதிரி, டெண்டுல்கர் ஆடும்போதே நின்றுவிடும்!

கேப்சர் குச்சி வாங்குகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. 720-க்கு 576 புள்ளி, விநாடிக்கு 25 படம், புள்ளிக்கு 16 பிட். பெருக்கிப் பாருங்கள்: விநாடிக்கு சுமார் 166 மெகாபிட். அதைச் சுருக்காமல் எழுதினால் மணிக்கு ஏறத்தாழ 75 ஜி.பி. ஆகவே கம்ப்யூட்டர் அதை உடனுக்குடன் சுருக்கியாக வேண்டும். ரொம்பப் பழைய கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும், படம் விட்டு விட்டு வரும். முதலில் பத்து நிமிடம் பதிந்து, ஒலியும் உதட்டசைவும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

ஹார்டு டிஸ்க் மாட்டுகிறவர்கள் கரண்டையும் பார்க்க வேண்டும். யு.எஸ்.பி. 2.0 துளை 500 மில்லி ஆம்பியர்தான் தரக் கடமைப்பட்டது. டிஸ்க் சுழலத் தொடங்கும்போது அதற்கு மேல் கேட்கும். 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். தனி அடாப்டர் உள்ள டிஸ்க்கையோ, பவர் உள்ள ஹப்பையோ போட்டுப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்லுது?

'போலீஸ் பிடிக்குமா?' என்று கேட்கும் நண்பர்களுக்கு. வீட்டில் பதிந்து பிறகு பார்ப்பது குற்றமா என்று அமெரிக்காவில் பெரிய வழக்கே நடந்தது. சினிமா கம்பெனிகள் சோனிமேல் வழக்குப் போட்டன. 1984 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், நேரம் தள்ளிப் பார்ப்பதற்காக வீட்டில் பதிவது நியாயமான பயன்பாடுதான் என்று தீர்ப்புச் சொன்னது.

நம் பதிப்புரிமைச் சட்டம் 1957. அதன் 39-ஆம் பிரிவு, ஒளிபரப்பைச் சொந்த உபயோகத்துக்காகப் பதிவதும், நேர்மையான கற்பித்தலுக்காகவும் ஆராய்ச்சிக்காகவும் பதிவதும் ஒளிபரப்பாளரின் உரிமையை மீறுவதாகாது என்கிறது. பதிந்ததைக் காப்பி போட்டு விற்பது, நெட்டில் ஏற்றுவது, ஊருக்குத் திரை கட்டிக் காட்டுவது எல்லாம் வேறு கணக்கு. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதற்கு, 2012 திருத்தத்தில் வந்த 65-ஏ பிரிவில் தண்டனை உண்டு. ஆகையால் 'எல்லாப் பூட்டையும் திறக்கும்' என்று ஆசை காட்டி விற்கப்படும் பெட்டி பக்கம் போக வேண்டாம்.

வாங்கும் முன் ஐந்து கேள்வி

ஒன்று, பதிவது பார்த்துவிட்டு அழிக்கவா, வைத்துக் காப்பாற்றவா? இரண்டு, அந்த நிகழ்ச்சி வேறு எங்காவது நிரந்தரமாகக் கிடைக்குமா? மூன்று, பெட்டி கெட்டால் பதிவு ஓடுமா? நான்கு, ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் பதிய வேண்டும்? ஐந்து, பதியும் நேரத்தில் வீட்டில் ஆள் இருப்பார்களா, கரண்டு போனால் பெட்டி தானாக எழுந்து மறுபடி பதியுமா?

கடைசிக் கேள்வியைச் சோதிப்பது சுலபம். ஐந்து நிமிடம் கழித்துப் பதியும்படி டைமர் வையுங்கள். பிளக்கைப் பிடுங்கி, திரும்பச் செருகுங்கள். என்ன ஆகிறது என்று பாருங்கள். மாமாவின் டெக் கரண்டு போய் வந்தால் பன்னிரண்டு மணி என்று கண் சிமிட்டிக்கொண்டு நிற்குமாம். இப்போதைய பெட்டி சிக்னலிலிருந்தே மணியைத் தெரிந்துகொள்ளும். ஆனால் சில பெட்டிகள் தூக்கத்திலிருந்து எழாது.

நண்பன் கதை என்ன ஆச்சு?

என் கேள்விக்கு அவன் அப்புறம் பதில் சொன்னான். அவன் அப்பா தவில் வாசிப்பவர். பூந்தமல்லிப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் வாசிக்கிறார், அதை லோக்கல் கேபிள் சேனல் நேரடியாகக் காட்டப்போகிறது. "அப்பா வாசிக்கிறத அப்பாவே ஒரு தடவகூட பார்த்ததில்லடா" என்றான்.

ஐந்து கேள்வியையும் போட்டுப் பார்த்தோம். வைத்துக் காப்பாற்ற வேண்டியது, வேறெங்கும் கிடைக்காது, நேரடி ஒளிபரப்பு, மூன்று நாலு மணி நேரம் ஓடும். ஆக டி.டி.எச். ரெக்கார்டர் ஆகாது, ஃப்ரீ டிஷ்ஷில் அந்தச் சேனலே வராது. ஏ.வி. கேப்சர்தான் வழி. அவன் வீட்டுப் பாக்ஸில் மஞ்சள் துளை இருந்தது. என் லேப்டாப்பையும் கேப்சர் குச்சியையும் எடுத்துக்கொண்டு போனேன். முதல் நாளே பத்து நிமிடம் பதிந்து சோதித்தோம். லேப்டாப் தூங்கிப் போகாதபடி செட்டிங்கை மாற்றினோம். அரை மணிக்கு ஒரு ஃபைல் என்று பிரித்துப் பதிந்தோம். ஒன்று கெட்டாலும் மற்றது மிஞ்சும்.

நடுவில் ஒருமுறை கரண்டு போனது. லேப்டாப் பேட்டரியில் ஓடியது, ஆனால் பாக்ஸ் அணைந்துவிட்டது. நாலு நிமிடம் போச்சு. மீதி கிடைத்தது. மறுநாள் அவன் அப்பா உட்கார்ந்து முழுவதையும் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. ஒரு இடத்தில் மட்டும், "இங்க கை கொஞ்சம் அவசரப்பட்டுடுச்சு" என்றார். திரும்ப அந்த இடத்தைப் போடச் சொன்னார். ரெக்கார்டர் எதற்கு என்று அன்றுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

அக்கா இப்போது பி.எஸ்.சி. கணிதம் படிக்கிறாள். மாலையில் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்குக் காசு வாங்காமல் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அந்த அறுபது பாடம் போனதுதான், திரும்பவில்லை. ஆனால் அதற்கப்புறம் அதே கேப்சர் குச்சியில் பதிந்த பாடங்கள் இரண்டு டிஸ்க்கில் இருக்கின்றன. ஒன்று வீட்டில், இன்னொன்று மாமா வீட்டில். வரிசை எண் போட்ட நோட்டும் இருக்கிறது.

போன பொங்கலுக்கு மாமாவின் கேசட்டையும் அதே குச்சி வழியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பரண் ஈரத்தில் டேப்பில் லேசாகப் பூஞ்சை. ஹெட்டைத் துடைத்துத் துடைத்து ஓட்ட வேண்டியிருந்தது. படம் நடுங்கினாலும் வந்தது. மாமா கடைசி வரை பார்த்தார். டெண்டுல்கர் ஆடிக்கொண்டிருக்கும்போதே நின்றது.

"பார்த்தியா? இன்னும் தோக்கல" என்றார்.

கேசட்டுக்கு இனி கவலையில்லை, மாமா. மூன்று இடத்தில் காப்பி இருக்கு!

– மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு